அப்பச்சிக்குப் புராஸ்டேட் புற்று, பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுகிறது, ஊசியை நிறுத்திவிடலாமா?

பள்ளத்தூர்க்காரன் | ஜூன் 9, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வயது 71. பள்ளத்தூர் வீட்டில் ஆத்தாவும் அவரும்தான், நான் சென்னையில். இரண்டு வருசத்துக்கு முன்னால் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போய்வந்தார். முப்பது வருசமாக நடக்கிறவர். வந்ததும் இடுப்பு வலிக்கிறது என்றார். நடந்த வலிதானே என்று நாங்களும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். சித்திரை வந்தும் வலி போகவில்லை. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர் "இது தேய்மானம் மாதிரி தெரியலையே" என்று இரத்தம் எடுக்கச் சொன்னார். புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் 312. பயாப்சியில் புராஸ்டேட் புற்று, க்ளீசன் 9, அதாவது வீரியம் அதிகமான வகை. எலும்பு ஸ்கேனில் இடுப்பு, முதுகெலும்பில் மூன்று இடம், ஒரு விலா.

ஆண் ஹார்மோனை நிறுத்த, விரையை எடுத்துவிடும் ஆபரேஷனைத்தான் முதலில் சொன்னார்கள். அப்பச்சி "அது வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதனால் அதே வேலைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கூடவே ஆண் ஹார்மோனை அண்டவிடாத பைகலூடமைடு மாத்திரை தினம் ஒன்று. எட்டாவது மாதம் பி.எஸ்.ஏ. 0.8. வலி சுத்தமாக இல்லை. நோய் போய்விட்டது என்றே ஆத்தா நம்பிவிட்டார்கள், பிள்ளையார்பட்டிக்குப் போய் நேர்த்திக்கடனும் செலுத்தியாகிவிட்டது.

கடைசி மூன்று ரிசல்ட் 1.1, 2.6, 4.9. டாக்டர் "ஹார்மோனுக்குக் கட்டுப்படாத நிலைக்குப் போகுது" என்றார். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், அதற்கு மேல் அவரிடம் கேட்க வாய் வரவில்லை. வீட்டில் அம்மான் (தாய்மாமன்) "வேலை செய்யாத ஊசிக்கு எதுக்குடா காசு, நிறுத்திட்டு வேற பாரு" என்கிறார். அடுத்த ஊசிக்கு இன்னும் பதினைந்து நாள்தான். என்ன செய்வது?

செக்காலை ரோடு | ஜூன் 9, இரவு 10:20

தம்பி, பதற வேண்டாம். 4.9 என்பது 312 இல்லை. ஆனால் ஊசி விஷயத்தில் அம்மான் பேச்சைக் கேட்காதீர்கள். டாக்டர் அண்ணன் ஒருவர் இங்கே வருவார், அவரே விளக்கமாகச் சொல்லட்டும்.

புதுவயல் ஆச்சி | ஜூன் 9, இரவு 11:05

தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஆண் ஹார்மோன், அதுதான் டெஸ்டோஸ்டிரோன், எவ்வளவு என்று பார்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் பி.எஸ்.ஏ. ஏறியது. மருந்து கேட்கவில்லை, கீமோவுக்குப் போகலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. மதுரையில் வேறொரு டாக்டர், அதுவும் சின்ன வயசுக்காரர், "டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டைக் காணோமே" என்றார். பார்த்தால் 180! ஊசி வேலை செய்தால் 50க்குக் கீழே இருக்க வேண்டியது. விஷயம் வேறொன்றும் இல்லை. தம்பி கல்யாண வேலையில் ஊசி ஐந்து வாரம் தள்ளிப்போயிருந்தது. ஊசியின் பலம் தீர்ந்து விரை பழையபடி வேலையைத் தொடங்கிவிட்டது. நோய் மருந்தை மீற ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, நாங்கள்தான் மறந்துவிட்டோம். தேதி தவறாமல் போட ஆரம்பித்ததும் பி.எஸ்.ஏ. தானாக இறங்கியது. அப்புறம் இரண்டரை வருசம் கழித்து நிஜமாகவே எதிர்ப்பு வந்தது. அது வேறு கதை.

பள்ளத்தூர்க்காரன் | ஜூன் 10, காலை 7:15

பார்த்திருக்கிறார்கள் ஆச்சி, ஃபைலில் இருக்கிறது. 14 என்று போட்டிருக்கிறது. ஊசியும் ஒரு தடவை கூடத் தள்ளிப்போகவில்லை. ஆத்தா தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளின் மூலையை முன்கூட்டியே மடித்து வைத்துவிடுவார்கள்.

கல்லல் தமிழ் | ஜூன் 10, காலை 8:40

நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். ஹார்மோன் ஊசி உடம்பைக் கெடுத்துவிடும். எலும்பு போகும், சதை கரையும். எங்கள் பக்கம் ஒரு வைத்தியர் மூலிகைப் பொடி கொடுக்கிறார். ஒரு மண்டலம் ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் சாப்பிட வேண்டும். என் சித்தப்பாவுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்தது. நம்பிக்கை இருப்பவர்கள் தனிமடல் அனுப்பலாம்.

74 நாட் அவுட் | ஜூன் 10, காலை 9:30

கல்லல் தம்பி, எலும்பு போகும், சதை கரையும் என்பதெல்லாம் சரிதான். எனக்கும் நடந்தது, பிறகு எழுதுகிறேன். ஆனால் ஊசியை நிறுத்தச் சொல்லும் உரிமையை உங்கள் வைத்தியருக்கு யார் கொடுத்தது?

பழைய ஆய்வகம் | ஜூன் 10, காலை 11:00

வேதியியலில் முப்பத்தைந்து வருசம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1990களில் அமெரிக்காவில் பி.சி.ஸ்பெஸ் என்று ஒரு மூலிகை மாத்திரை விற்றது. எட்டு மூலிகைகள் என்று விளம்பரம். புராஸ்டேட் புற்றுநோயில் பி.எஸ்.ஏ.வை அது நிஜமாகவே இறக்கியது. ஆராய்ச்சிக்கூடங்களே அசந்துபோயின. பிரித்துப் பார்த்தபோது உள்ளே டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் இருந்தது, அதாவது செயற்கைப் பெண் ஹார்மோன். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தது. 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே பொடி சாப்பிட்டு பி.எஸ்.ஏ. குறைந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். பொடிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

நெறியாளர் | ஜூன் 10, மதியம் 12:10

மருந்து விற்பனைக்குத் தனிமடல் அழைப்பு இங்கே கூடாது. கல்லல் தமிழ், இது முதல் எச்சரிக்கை.

வெளியூர் டாக்டர் | ஜூன் 10, இரவு 10:45

பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். சொந்த ஊர் தேவகோட்டை, வேலை வெளியூரில். உங்கள் டாக்டருக்குப் பதிலாக நான் முடிவு சொல்ல முடியாது. என்ன நடக்கிறது என்று விளக்கலாம்.

முதலில் ஊசி. நிறுத்தாதீர்கள். இது இன்றைக்கே அம்மான் காதில் விழட்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

புராஸ்டேட் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பழைய வீட்டுப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன்தான் அதன் சாவி. சாவி விழுந்தால் செல் வளரும், பெருகும், பி.எஸ்.ஏ.வைச் சுரக்கும். உடம்பில் இந்தச் சாவியை அடிக்கும் பெரிய பட்டறை விரை. ஊசி நேராக விரைக்குப் போவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து விரைக்கு வரும் கட்டளையை நிறுத்துகிறது. அதனால் பட்டறை மூடுகிறது. ஆபரேஷன் செய்தால் பட்டறையையே எடுத்துவிடுகிறோம். இரண்டின் பலனும் ஒன்றுதான்.

சாவி வரத்து நின்றதும் பெரும்பாலான புற்றுச் செல்கள் சாகும், அல்லது தூங்கும். 312 என்பது 0.8 ஆனது அப்படித்தான். ஆனால் கட்டிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான செல்களும் ஒரே மாதிரி அல்ல. பட்டினியைத் தாங்கும் சில செல்கள் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கலாம், சில பிறகு மாறியிருக்கலாம். மற்றவை ஒழிந்ததும் அவற்றுக்கு இடம் தாராளம். பி.எஸ்.ஏ. ஏறுவது இந்தக் கூட்டம் பெருகுவதால்.

எப்படித் தப்புகின்றன என்பதுதான் எனக்கே இன்னும் வியப்பாக இருக்கும் பகுதி. சில செல்கள் ஒரு பூட்டு இருந்த இடத்தில் பல பூட்டுகளை மாட்டிக்கொள்கின்றன. அப்போது தெருவில் கிடக்கும் ஓரிரண்டு சாவியே போதும். சில செல்கள் பூட்டின் உள்வாயைத் தேய்த்து மாற்றிக்கொள்கின்றன. பிறகு வேறு ஸ்டீராய்டுகளும் அதில் நுழைந்து திருகும். இந்த மாற்றத்தில் ஒரு விபரீதமும் உண்டு. பூட்டை அடைக்கத்தான் பைகலூடமைடு கொடுக்கிறோம். உள்வாய் மாறிவிட்டால் அந்த மாத்திரையே சாவியாகிவிடும். இன்னும் சில செல்கள் சாவித்துவாரமே இல்லாத ஒரு குட்டைப் பூட்டைச் செய்துகொள்கின்றன. அது எப்போதும் திறந்தே கிடக்கும். ஏ.ஆர்.வி.7 என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் அதுதான்.

இவை எல்லாவற்றையும் விடச் சாமர்த்தியமான வழி ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் ஆண் ஹார்மோன் மூலப்பொருளைச் சுரக்கும். விரையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஊசிக்கு அது கட்டுப்படாது. கட்டி அந்த மூலப்பொருளை வாங்கித் தனக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் செய்துகொள்ளும். வெளியூர்க் கொள்முதல் நின்றால் வீட்டுக்குள்ளேயே பட்டறை போடுவது மாதிரி. இரத்தத்தில் 14 என்று காட்டும், கட்டிக்குள் நிலவரம் வேறு.

இப்போது உங்கள் கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் 50க்குக் கீழே இருக்கிறது. அடிமட்டம் 0.8. அதிலிருந்து வரிசையாக மூன்று ஏற்றம், கடைசி இரண்டும் அடிமட்டத்தைவிட 50 சதவீதத்துக்கு மேல், எண்ணும் 2ஐத் தாண்டிவிட்டது. எதிர்ப்பு நிலை என்று உங்கள் டாக்டர் சொன்னது சரி.

ஆனால் கவனியுங்கள், பூட்டு இன்னும் பூட்டுதான். நோய் ஹார்மோனை மறக்கவில்லை. ஹார்மோன் மேல் இன்னும் பசி கூடியிருக்கிறது. இந்த நேரத்தில் ஊசியை நிறுத்தினால் பெரிய பட்டறை திறக்கும், பல பூட்டு மாட்டியவனுக்கு வண்டி வண்டியாகச் சாவி போய்ச் சேரும். ஊசி வேலை செய்யவில்லை என்று அம்மான் சொல்வது தவறு. 14 என்ற எண்ணே ஊசி வேலை செய்வதற்குச் சாட்சி. அடுத்த மருந்து எதுவானாலும் ஊசியின் மேல்தான் ஏறும்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பைகலூடமைடை நிறுத்திப் பார்க்கலாமா? புதிதாக ஸ்கேன் எடுக்கலாமா?

பள்ளத்தூர்க்காரன் | ஜூன் 10, இரவு 11:30

டாக்டர் அண்ணே, இதை அச்செடுத்து அம்மானிடம் கொடுக்கப்போகிறேன். ஒரு சந்தேகம். பைகலூடமைடு கொடுத்ததே முதலிலிருந்து தப்பா? வேறு கொடுத்திருக்க வேண்டுமா?

வெளியூர் டாக்டர் | ஜூன் 11, காலை 6:50

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்கு முன்னால் ஒரு தடவை எகிறும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. அந்தச் சமயத்தில் பூட்டை மூடி வைக்க இந்த மாத்திரை வேண்டும். பிறகும் தொடர்வது பல இடங்களில் வழக்கம். இப்போது எலும்பில் பரவிய நோய்க்கு ஆரம்பத்திலேயே ஊசியோடு, அட்ரீனலிலும் கட்டிக்குள்ளும் சாவி செய்வதைத் தடுக்கும் அபிராடெரோன் மாதிரி இன்னொரு மருந்தையோ கீமோவையோ சேர்ப்பது பலன் அதிகம் என்று தெரியும். 2015, 2017இல் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு அது பரவியது. உங்களுக்கு ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு வயது, இதயம், செலவு என்று காரணங்கள் இருக்கலாம். அதை நினைத்து இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய ஆய்வகம் | ஜூன் 11, காலை 10:20

டாக்டர் சொன்ன பட்டறைக்கு ஒரு பின்கதை உண்டு. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் இருவரும்தான் விரையை எடுத்தாலோ பெண் ஹார்மோன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று காட்டினார்கள். அன்றைக்கு பி.எஸ்.ஏ. கிடையாது, இரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியைப் பார்த்தார்கள். ஹக்கின்ஸுக்கு நோபல் கிடைத்தது 1966இல். மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு வரும் கட்டளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஷாலிக்கு 1977இல். இன்றைய ஊசி எல்லாம் அந்த வம்சம்தான்.

1941 கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்து, அங்கே தொழில் செய்த நம் ஆட்கள் பெட்டி படுக்கையோடு நடந்தே வந்தார்கள், என் ஐயாவும் அதில் ஒருவர். பர்மா மூடியதும் செட்டிநாடு என்ன செய்தது? மூடிக்கொண்டு உட்கார்ந்ததா? வேறு வழி தேடியது. கட்டியும் அப்படித்தான் போலிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இப்படித்தான் தோன்றும்.

செக்காலை ரோடு | ஜூன் 11, காலை 10:41

ஐயா, புற்றுநோயோடு நம்மை ஒப்பிட்டதற்கு நகரத்தார் சங்கத்தில் பேச்சு வரும், பார்த்துக்கொள்ளுங்கள் :)

74 நாட் அவுட் | ஜூன் 12, மாலை 5:00

சொன்னபடி என் கதை. வயது 74, ஊர் கானாடுகாத்தான் பக்கம். ஐந்து வருசத்துக்கு முன் எனக்கு ஆபரேஷன்தான் செய்தார்கள். ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு 90 கி.மீ. பஸ்ஸில் போய் வருவதை விட, ஒரே நாளில் முடிந்துபோகட்டும் என்று நான்தான் கேட்டேன். பள்ளத்தூர்த் தம்பியின் அப்பச்சி மறுத்ததும் எனக்குப் புரிகிறது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குக் கண்ணாடி பார்க்கவில்லை. ஒரு மாதம் பார்க்கவில்லை.

அனல் வரும். சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை தீ மாதிரி ஏறும், வேர்வை கொட்டும், இரண்டு நிமிசத்தில் சில்லிட்டுவிடும். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு வருவதும் இதுதானாம். வீட்டுக்காரி சிரித்தாள், "இப்பவாவது தெரிஞ்சுதா" என்று. ராத்திரி அனல் வந்தால் கட்டிலை விட்டிறங்கி வளவுப் பத்தியில் ஆத்தங்குடிக் கல்மேல் சட்டை இல்லாமல் படுத்துவிடுவேன். அந்தக் கல்லின் குளிர்ச்சி எந்த ஏசியிலும் வராது. காலையில் முதுகில் பூ டிசைன் பதிந்திருக்கிறது என்று பேத்தி கேலி செய்வாள்.

நான்காம் வருசம் எனக்கும் எதிர்ப்பு வந்தது. இப்போது அபிராடெரோன், பதினோரு மாதமாக. அதில் ஒரு பாடம், செட்டிநாட்டு வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. நான் முதல் வாரம் காலைப் பலகாரத்தோடு போட்டேன். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, அப்புறம் நாலு மாத்திரை. மருந்துக்கடைப் பையன் கேட்டுவிட்டு அலறிவிட்டான். எண்ணெய்ப் பலகாரத்தோடு போனால் மருந்து பல மடங்கு இரத்தத்தில் ஏறிவிடுமாம். கூடவே கொடுக்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம். இது இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொண்ட ஆள் நான் மட்டும் இல்லை.

பள்ளத்தூர்க்காரன் | ஜூன் 24, இரவு 8:30

இரண்டு வாரமாக எழுதவில்லை, மன்னியுங்கள். ஊசி தேதிக்குச் சரியாகப் போட்டாகிவிட்டது. அம்மானிடம் அச்செடுத்ததைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டு "இந்த டாக்டர் யாரு வீட்டுப் பையன்?" என்று மட்டும் கேட்டார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

டாக்டர் பைகலூடமைடை நிறுத்திவிட்டார். ஆறு வாரம் கழித்து பி.எஸ்.ஏ. பார்க்கலாம் என்றார். புதிய எலும்பு ஸ்கேனில் பழைய இடங்களோடு தொடையெலும்பில் ஒன்று கூடியிருக்கிறது. வயிறு, நுரையீரல், ஈரல் சுத்தம்.

புதுவயல் ஆச்சி | ஜூன் 24, இரவு 9:45

ஈரல் சுத்தம் என்பது நல்ல சேதி தம்பி. அப்பாவுடைய மீதிக் கதையை நான் எழுதியே ஆக வேண்டும், உங்களைப் பயமுறுத்த அல்ல.

எதிர்ப்பு வந்து அபிராடெரோன் ஒன்றே கால் வருசம் நன்றாகக் கேட்டது. பிறகு பி.எஸ்.ஏ. ஏறியது, என்சலூடமைடு என்று பூட்டை அடைக்கும் இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. ஒன்று சாவியை, மற்றது பூட்டை என்று இந்த இரண்டு மாத்திரையும் ஒரே வழியைத்தான் அடைக்கின்றன, ஒன்றுக்குப் பழகியது மற்றதற்கும் சீக்கிரம் பழகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்து டோசிடாக்செல் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று, ஆறு தடவை. முடி போனது, ருசி போனது, ஆனால் எலும்பு வலி குறைந்து வாசல்வரை நடந்தார்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கால் மரத்த மாதிரி இருக்கிறது என்றார். படிக்கட்டில் தடுமாறினார். மறுநாள் சிறுநீர் இறங்கவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூப் போட்டுவிட்டு, "வயசாயிடுச்சு, புராஸ்டேட் வீக்கம், திங்கட்கிழமை ஸ்கேன் ஆள் வருவார்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். திங்கட்கிழமை காலையில் இரண்டு காலும் அசையவில்லை. முதுகெலும்பில் இருந்த கட்டி தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெதசோன் ஊசி போட்டு, அன்றைக்கே கதிர்வீச்சு தொடங்கினார்கள். வலி போனது. நடை திரும்பவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே வந்திருந்தால் நடையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார், கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். அந்த இரண்டு நாளை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பச்சிக்கு முதுகெலும்பில் மூன்று இடம் இருக்கிறது. ஆகவே புதிதாக முதுகு வலி, படுத்தால் கூடும் வலி, கால் வலுவிழப்பு, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ தடைப்படுவது, இதில் எது வந்தாலும் நல்ல நாள், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காதீர்கள். எம்.ஆர்.ஐ. இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

வெளியூர் டாக்டர் | ஜூன் 24, இரவு 10:30

ஆச்சி எழுதியதை விட நன்றாக நான் எழுத முடியாது. பள்ளத்தூர்த் தம்பி, இதை ஆத்தாவுக்கும் சொல்லி வையுங்கள், வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

இந்த நோய்க்கு ஏன் எலும்பு மேல் இவ்வளவு ஆசை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். புராஸ்டேட் இரத்தக்குழாய்களும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளும் தொடர்புள்ளவை, செல்கள் வழி தேடி அலைய வேண்டியதில்லை. போன இடத்தில் எலும்பு கட்டும் செல்களோடு கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் மற்றப் பல புற்றுகள் எலும்பை அரிக்கும்போது இது தாறுமாறாக எலும்பைக் கட்டுகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பார்க்கக் கெட்டி, உள்ளே பலமில்லை.

இன்னொன்று, எண்ணை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். சிலருக்கு நோய் முற்றிய நிலையில் செல்கள் குணமே மாறிவிடும். நரம்பு-நாளமில்லாச் சுரப்பி வகை என்போம். அவை பூட்டையே தூக்கிப் போட்டுவிடும், பி.எஸ்.ஏ.வும் சுரக்காது. ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. சின்ன எண்ணாக இருக்கும், ஈரலில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே எண் நன்றாக இருந்தும் ஆள் இளைத்துக்கொண்டே போனால் ஸ்கேன் கேளுங்கள்.

சிங்கைத் தம்பி | ஜூன் 25, காலை 6:10

வணக்கம். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், லுட்டீசியம் என்று இங்கே ஒரு நண்பரின் தந்தைக்குச் செய்கிறார்கள். பள்ளத்தூர் அண்ணனுக்கு அது ஆகுமா? ஜீன் டெஸ்ட் என்றும் ஒன்று சொன்னார்கள்.

வெளியூர் டாக்டர் | ஜூன் 25, இரவு 9:00

லுட்டீசியம்-177 என்பது புற்றுச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக் கதிர்வீசும் மருந்து. பெட் ஸ்கேனில் அந்தப் புரதம் நன்றாகத் தெரிந்தால்தான் பயன். அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் வந்தது, இந்தியாவில் பெரிய நகரங்களில் கிடைக்கிறது. பொதுவாக மாத்திரையும், பல சமயம் கீமோவும் பார்த்த பிறகு வருவது. இவருக்கு இன்னும் அபிராடெரோனே தொடங்கவில்லை.

ஜீன் சோதனை கேட்டது நல்ல கேள்வி. பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணுவில் பழுது இருந்தால் ஓலபரிப் வகை மாத்திரை வேலை செய்யும். அந்தப் பழுது தாய்வழி, தகப்பன்வழி எதிலும் வரலாம், மகள்களுக்கும் போகலாம். குடும்பத்தில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | ஜூன் 25, இரவு 9:40

அப்பச்சியின் உடன்பிறந்த அயித்தை நாற்பத்தாறு வயதில் மார்புக் கட்டியில்தான் போனார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எனக்கு இரண்டு தங்கைகள்.

வெளியூர் டாக்டர் | ஜூன் 25, இரவு 9:52

அடுத்த தடவை போகும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | ஆகஸ்ட் 17, மாலை 6:20

சேதி சொல்ல வந்தேன். பைகலூடமைடை நிறுத்திய ஆறாவது வாரம் பி.எஸ்.ஏ. 4.9இலிருந்து 3.2. ஒரு மாத்திரையைக் குறைத்ததால் எண் இறங்கியது என்று அம்மான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "நான் அப்பவே நிறுத்தச் சொன்னேன்" என்று வேறு. எது ஊசி, எது மாத்திரை என்று யார் அவரிடம் போய் விளக்குவது!

இது நிலைக்காது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அதே மாதிரி அடுத்த மாதம் 5.5. நேற்று அபிராடெரோன் எழுதிக்கொடுத்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது சேரும், எது சேராது என்று அங்கே இருக்கும் காப்பீட்டு மேசையில் கேட்டிருக்கிறேன். வெளியில் வாங்கினால் கம்பெனிக்குக் கம்பெனி விலை மூன்று மடங்கு வித்தியாசம், விசாரித்தபோது எனக்கே தலை சுற்றியது. ஜீன் சோதனைக்கு இரத்தம் போயிருக்கிறது. தங்கைகளிடமும் பேசிவிட்டேன். பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்து அப்பச்சி நாலு மாத்திரை போடுகிறார். ஆறரை வரை அடுப்படிப் பக்கம் போகாமல் முகப்பில் பேப்பர் படிக்கிறார். காபி இல்லாமல் பேப்பர் படிப்பது ஆயுளில் இதுதான் முதல் தடவை என்கிறார்.

74 நாட் அவுட் | ஆகஸ்ட் 17, இரவு 7:05

சபாஷ். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார்களா? எனக்கு இரண்டாம் மாதம் கால் வீங்கிப் பொட்டாசியம் இறங்கிவிட்டது. ஈரல் சோதனையும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முதல் மூன்று மாதம்.

பள்ளத்தூர்க்காரன் | ஆகஸ்ட் 17, இரவு 7:30

எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் ஐயா. எலும்புக்கு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியும் தொடங்க வேண்டுமாம். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாமாம். அப்பச்சிக்குக் கீழ்க்கடைவாயில் இரண்டு ஆடுகிறது. ஆபரேஷனுக்குச் சொன்ன அதே "அது வேண்டாம்" இப்போது பல்லுக்கும் வருகிறது.

74 நாட் அவுட் | ஆகஸ்ட் 17, இரவு 7:48

அவர் ஃபோன் நம்பரைத் தனிமடலில் அனுப்புங்கள். நான் பேசுகிறேன். எனக்கும் போன வருசம் மூன்று எடுத்தார்கள். சீப்புச் சீடையைப் பாலில் ஊறவைத்தால் பல்லே வேண்டாம் என்று சொல்கிறேன்.